லெக்ஸாவின் சாவும் ரசிகர்களின் கோபமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தி சிடபிள்யூ அலைவரிசையில் 2014 முதல் 2020 வரை ஏழு சீசன்கள் ஓடிய தொடர் 'தி ஹன்ட்ரட்'. அதன் மூன்றாவது சீசனில், 2016 மார்ச் 3 அன்று ஒளிபரப்பான ஏழாவது எபிசோடில், லெக்ஸா என்ற பாத்திரம் கொல்லப்பட்டது. லெக்ஸா ஒரு போர்த்தலைவி. பெண்களை நேசிக்கும் பெண். தொடர்களில் பாத்திரங்கள் சாவது புதிதல்ல, ரசிகர்கள் அழுவதும் புதிதல்ல. ஆனால் இந்தச் சாவுக்குப் பிறகு நடந்தவை வேறு மாதிரி. ரசிகர்கள் திரண்டு தொடரைப் புறக்கணித்தார்கள், நிதி திரட்டினார்கள், தொடரை நடத்தியவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார், எழுத்தாளர்களுக்கென்று ஓர் உறுதிமொழியே எழுதப்பட்டது.

இந்த ஆய்வில் பாத்திரங்களுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. தொடரை எழுதியவர்கள், நடித்தவர்கள், ரசிகர்களை ஒருங்கிணைத்தவர்கள் பெயரில்லாமலே வருகிறார்கள். யார் செய்தார்கள் என்பதைவிட எந்த முடிவு எந்த விளைவைக் கொண்டுவந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தைக் கொல்வது என்பது ஒரு முடிவு. அந்தப் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பவைத்து, அதை நம்பி வந்தவர்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைப்பது இன்னொரு முடிவு. இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் முதல் முடிவைப் பற்றியே வாதாடினார்கள். காயம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

பின்னணி

அணுப்போரில் அழிந்த பூமிக்கு, விண்வெளி நிலையத்திலிருந்து நூறு இளம் கைதிகளைச் சோதனைக்காக இறக்கிவிடுவதுதான் தொடரின் கதை. நாயகி கிளார்க். பூமியில் ஏற்கெனவே பிழைத்துக் கிடக்கும் பன்னிரண்டு குலங்களை ஒன்றாகச் சேர்த்து ஆள்பவள் லெக்ஸா. இரண்டாவது சீசனில் அறிமுகமாகிறாள். கிளார்க்கும் அவளும் எதிரிகளாகத் தொடங்கி, கூட்டாளிகளாகி, 2015 பிப்ரவரியில் ஒளிபரப்பான எபிசோடில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கிளார்க் இருபாலீர்ப்பு உள்ளவள் என்பது அப்போது தெளிவாகிறது.

இது ஏன் அத்தனை பெரிய விஷயமானது என்றால், கிளார்க் துணைப் பாத்திரம் அல்ல, கதாநாயகி. இளைஞர்களுக்கான ஒரு தொடரின் நாயகியும் அதே தொடரின் மிக வலிமையான தலைவியும் காதலிக்கிறார்கள். அதை யாரும் வேடிக்கையாக்கவில்லை. ஒரு முழு எபிசோடை ஒதுக்கி 'பிரச்சினை'யாகப் பேசவும் இல்லை. லெக்ஸாவின் உலகத்தில் அது ஒரு கேள்வியே இல்லை. பள்ளியிலும் வீட்டிலும் தங்களைப் பற்றி வாயே திறக்க முடியாத பதின்வயதுப் பெண்கள் அதில் எதைக் கண்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் இருக்கிறது. ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலுக்கு வந்து 1968 வரை நீடித்த தயாரிப்பு விதிமுறைகள், தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டுவதையே தடுத்தன. மறைமுகமாகக் காட்ட நேர்ந்தால் அந்தப் பாத்திரம் வில்லனாகவோ, கதை முடிவதற்குள் செத்துப்போவதாகவோ இருப்பது வழக்கமானது. விதிமுறை போன பிறகும் பழக்கம் போகவில்லை. தொலைக்காட்சியும் அதை வாங்கிக்கொண்டது. ரசிகர்கள் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்: 'உங்கள் தன்பாலீர்ப்பாளர்களைப் புதைத்துவிடுங்கள்'.

அதில் எல்லோர் மனதிலும் நின்றுபோன உதாரணம் டாரா. 'பஃபி' தொடரில் 2002 மே மாதம் ஒளிபரப்பான எபிசோடில், பிரிந்திருந்த காதலிகளான டாராவும் வில்லோவும் மறுபடி சேர்ந்து ஒரு பகல் பொழுதை ஒன்றாகக் கழிக்கிறார்கள். அந்த எபிசோடில்தான் முதல் முறையாக டாராவாக நடித்தவரின் பெயர் தொடக்கப் பாடலோடு முதன்மை நடிகர்கள் வரிசையில் வருகிறது. அதே எபிசோடின் கடைசியில், வேறு ஒருவரைக் குறிவைத்துச் சுட்ட தோட்டாக்களில் ஒன்று ஜன்னல் வழியாக வந்து அவளைக் கொல்கிறது. வில்லோவின் சட்டையில் தெறித்த ரத்தத்தைப் பார்த்தபடியே டாரா விழுகிறாள். 2016-ல் லெக்ஸாவைப் பார்த்துக்கொண்டிருந்த வயதில் மூத்த ரசிகைகள் பலருக்கு இது நேற்று நடந்த மாதிரி நினைவிருந்தது.

ஒளிபரப்புக்கு முன்

லெக்ஸாவாக நடித்தவர் அப்போது வேறொரு அலைவரிசையின் தொடரில் நிரந்தர நடிகையாக ஒப்பந்தமாகியிருந்தார். 'தி ஹன்ட்ரட்' குழுவுக்கு அவருடைய தேதிகள் கொஞ்சம்தான் கிடைத்தன. இது ரசிகர்களுக்கும் தெரிந்த செய்திதான். எனவே மூன்றாவது சீசனில் லெக்ஸாவுக்கு என்ன ஆகும் என்ற பயம் முன்பிருந்தே சுற்றிவந்தது.

அந்தப் பயத்தைத் தொடரின் தரப்பு எப்படிக் கையாண்டது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். தொடரை நடத்தியவரும் எழுத்தாளர்களில் சிலரும் சமூக ஊடகங்களில் ரசிகர்களோடு, குறிப்பாகத் தன்பாலீர்ப்புள்ள பெண் ரசிகைகளோடு, நெருக்கமாகப் பேசிவந்தார்கள். கிளார்க்–லெக்ஸா ஜோடியைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். லெக்ஸா சாகப்போகிறாள் என்று வதந்தி கிளம்பியபோது, ரசிகைகள் கூடிப் பேசும் இடத்துக்கே வந்து எழுத்துக்குழுவில் ஒருவர் அவர்களை ஆற்றுப்படுத்தினார். சீசனின் கடைசி எபிசோடுக்கான படப்பிடிப்பு 2016 ஜனவரியில் வான்கூவரில் பொது இடத்தில் நடந்தது. அங்கே லெக்ஸாவின் உடையில் அந்த நடிகையை ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள். கடைசி எபிசோடில் அவள் இருக்கிறாள் என்றால் ஏழாவதில் சாக மாட்டாள் என்று கணக்குப் போடுவது இயல்புதானே? கடைசி எபிசோடில் அவள் வருவது ஒரு மெய்நிகர் உலகத்துக்குள், ஏற்கெனவே இறந்தவளாக, என்பதை யாரும் சொல்லவில்லை.

சாவு அதற்கு முன்பே எழுதிப் படமாக்கப்பட்டுவிட்டது. அதாவது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் 'பயப்பட வேண்டாம்' என்ற தோரணையில் பேசிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

திருப்பங்களை மூடிவைப்பது தொடர்களில் எல்லோரும் செய்வது, அதில் தப்பில்லை. ஆனால் மூடிவைப்பது வேறு, எதிர்த்திசையில் நம்பிக்கை கொடுப்பது வேறு. ஒரு சிறிய அலைவரிசையின் தொடருக்குச் சமூக ஊடகத்தில் பேர் வாங்கித் தந்ததில் இந்த ரசிகைகளின் பங்கு பெரியது. அவர்கள் பேசப் பேசத் தொடருக்கு ஆதாயம். அந்த ஆதாயத்தைப் பெற்றுக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய நியாயமான பயத்தைத் தணித்து அனுப்பியிருக்கக் கூடாது.

மார்ச் 3

அந்த எபிசோட் இரண்டு காலங்களில் நடக்கிறது. ஒன்று, 97 ஆண்டுகளுக்கு முன் விண்வெளியில். லெக்ஸாவின் கழுத்துக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் சில்லு உருவான கதை. இன்னொன்று, லெக்ஸாவின் கோபுரத்தில். கிளார்க் தன் மக்களிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. விடைபெற வந்தவள் லெக்ஸாவை முத்தமிடுகிறாள். நீண்ட நாள் இழுபறிக்குப் பிறகு இருவரும் ஒன்று சேர்கிறார்கள். அமைதியான, மென்மையான காட்சி.

அடுத்து கிளார்க் தன் அறைக்கு வருகிறாள். லெக்ஸாவின் ஆலோசகர் டைட்டஸ் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். லெக்ஸாவைப் பலவீனப்படுத்துகிறாள் என்று கிளார்க்கைக் கொல்லப் பார்க்கிறான். துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லாதவன், குறி தவறுகிறது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த லெக்ஸாவின் வயிற்றில் தோட்டா பாய்கிறது. அவளுடைய ரத்தம் கருப்பு. கிளார்க் கையால் அழுத்திப் பிடித்தும் அது நிற்கவில்லை. இறந்த உடனே, கிளார்க் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டைட்டஸ் அவள் பின்கழுத்தைக் கீறிச் சில்லை வெளியே எடுக்கிறான்.

காதல் நிறைவேறிய சில நிமிடங்களில், தனக்கென்று வராத ஒரு தோட்டாவில், டாராவைப் போலவே. போரில் வாளோடு நின்றவள், முந்தைய எபிசோடுகளில் ஓர் இளவரசனை ஒற்றைக்கு ஒற்றை எதிர்கொண்டு வென்றவள், கதவைத் திறந்ததற்காகச் செத்தாள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெக்ஸாவின் முந்தைய காதலியும் ஏற்கெனவே கதைக்குள் கொல்லப்பட்டவள்தான். ஆக, அவள் நேசித்தது இரண்டு பெண்களை. ஒருத்தி அவள் வருமுன் செத்தாள், இன்னொருத்தியின் கைகளில் கிடந்தபடி இவள் செத்தாள்.

எழுதியவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தொடரில் யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. முதல் சீசனின் தொடக்கத்திலேயே கிளார்க்கின் பால்ய நண்பன் சாகிறான். இரண்டாவதில் அவள் காதலனை அவளே தன் கையால் கொல்ல நேர்கிறது. சில்லின் கதை நகர வேண்டுமென்றால் லெக்ஸாவின் கழுத்திலிருந்து அது வெளியே வந்தாக வேண்டும். நடிகையின் தேதியும் இல்லை. கதைக்குள் நின்று பார்த்தால் சாவு பொருந்துகிறது. பார்வையாளர்கள் கதைக்குள் மட்டும் வாழ்வதில்லை என்பதைத்தான் கவனிக்கத் தவறினார்கள்.

முதல் நாட்களில் தெரிந்தது

அன்றிரவு வெளிப்பட்டதை மூன்று அடுக்காகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அவை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்ததால் வெளியாட்களுக்கு ஒரே கூச்சலாகத் தெரிந்தது.

முதலாவது துக்கம். இது எந்தப் பிரியமான பாத்திரம் செத்தாலும் வருவது. இரண்டாவது, 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற எண்ணம். பழைய பதிவுகள், பேட்டிகள், ஆற்றுப்படுத்திய வார்த்தைகள் எல்லாவற்றையும் ரசிகர்கள் தேதி வாரியாக எடுத்து அடுக்கினார்கள். கோபத்தின் சூடு இங்கேதான் இருந்தது. மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. இளவயதினர் சிலர், தங்களைப் போன்றவர்களுக்கு நல்ல முடிவே கிடையாது போலிருக்கிறது என்று எழுதினார்கள். தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வருவதாகச் சிலர் சொன்னார்கள். ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கா இப்படி என்று கேலி செய்தவர்கள் உண்டு. லெக்ஸா செத்ததால் மட்டும் யாரும் அந்த நிலைக்கு வந்துவிடவில்லை. ஏற்கெனவே தனிமையில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிடி நழுவியது, அவ்வளவுதான். நழுவியதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னது நல்லதாயிற்று. சொன்னதால்தான் உதவி போய்ச் சேர்ந்தது.

வசவுகளும் வந்தன. தொடரை நடத்தியவரைப் பின்தொடர்ந்த பலர் விலகினார்கள், சிலர் வரம்பு மீறித் திட்டினார்கள். இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2009 ஜூலையில் பிபிசியின் 'டார்ச்வுட்' தொடரில் ஐயான்டோ என்ற பாத்திரம், தன் காதலனின் கைகளில் கிடந்தபடி இறந்தது. அப்போது எழுத்தாளர் ஒருவர் ரசிகர்களின் தாக்குதலுக்கு ஆளானார். அதே நேரத்தில் வேறு சில ரசிகர்கள், ஐயான்டோ காபி போட்டுக் கொடுப்பவன் என்பதால் பிபிசிக்குக் காபிப் பொட்டலங்களை அனுப்பினார்கள். கார்டிஃப் நகரின் மெர்மெய்ட் கீ துறையில், தொடரில் ரகசிய வாசலாகக் காட்டப்பட்ட இடத்தில், பூவும் கடிதமும் படமுமாக ஒரு நினைவிடமே எழுந்தது. துக்கம் எந்தப் பக்கமும் திரும்பக்கூடியது என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

ரசிகர்கள் எடுத்த முடிவுகள்

அடுத்த எபிசோட் மார்ச் 10. நடுவில் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஒருங்கிணைப்பாளர்கள் எடுத்த முடிவுகள் நிதானமானவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஒளிபரப்பு நேரத்தில் தொடரைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அலைவரிசைக்கு விளம்பர வருமானம் அந்த நேரத்துப் பார்வையாளர் கணக்கை ஒட்டியே வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தொடரின் அதிகாரபூர்வ ஹேஷ்டேகைத் திட்டுவதற்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றும் முடிவெடுத்தார்கள். திட்டினாலும் அது விளம்பரமாகவே கணக்கில் சேரும், அந்தப் பேச்சைக் காட்டியே அலைவரிசை பெருமை பேசும் என்பது காரணம். பதிலுக்கு, ஒளிபரப்பு ஓடும் அதே ஒரு மணி நேரத்தில் தங்களுடைய வாசகத்தை ட்ரெண்டிங்கில் ஏற்றினார்கள். 'எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்) ரசிகர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும்' என்பது அதன் பொருள். தொடரின் பெயர் அதில் இல்லை, லெக்ஸாவின் பெயரும் இல்லை. ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்காமல் ஒரு பழக்கத்தை நிறுத்து என்று கேட்டது அந்த வாசகம். இந்த ஒரு மாற்றத்தால்தான் தொடரையே பார்த்திராதவர்களும் கூடச் சேர்ந்தார்கள். உலக அளவில் அது ட்ரெண்டிங்கில் நின்றது.

இரண்டாவது முடிவு, பணம். கோபத்தைக் காட்டக் காபிப் பொட்டலம் மாதிரி ஏதாவது அனுப்பலாம் என்ற யோசனை எளிதில் வந்திருக்கும். அவர்கள் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு நிதி திரட்டத் தொடங்கினார்கள். 1998 முதல் இயங்கும் இந்த அமெரிக்க அமைப்பு, தற்கொலை எண்ணத்தோடு போராடும் எல்ஜிபிடி இளைஞர்களுக்காக இரவும் பகலும் தொலைபேசி உதவி தருகிறது. முதல் நாட்களில் கண்ட மூன்றாவது அடுக்குக்கு நேரடியான பதில் இது. தங்களிடையே உடைந்துபோயிருந்தவர்களுக்கு அந்த உதவி எண்ணைப் பரப்புவதும், மற்றவர்களிடம் அதே இடத்துக்குப் பணம் கேட்பதும் ஒரே வேலையாக நடந்தது. காலப்போக்கில் திரண்ட தொகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பெரும்பாலும் சிறு சிறு தொகைகள்; மாணவர்கள், முதல் வேலையில் இருப்பவர்கள் போட்டவை.

நடிகர்களைத் தாக்கக் கூடாது என்றும் அடிக்கடி நினைவூட்டினார்கள். எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் லெக்ஸாவாக நடித்தவர் மேல் பழி திரும்பாமல் பார்த்துக்கொண்டதில் இந்த நினைவூட்டலுக்குப் பங்குண்டு.

புறக்கணிப்பு பலித்ததா? இதில் மிகைப்படுத்தக் கூடாது. மார்ச் 11 அன்று, அதாவது மறுநாளே, தி சிடபிள்யூ தன் மற்ற தொடர்களோடு சேர்த்து இதையும் அடுத்த சீசனுக்குப் புதுப்பித்தது. ரசிகர்களில் பெரும் பகுதியினர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தார்கள். அமெரிக்காவுக்குள் இருந்தவர்களிலும் பார்வையாளர் கணக்கெடுப்புக்கான மாதிரி வீடுகளில் இருந்தவர்கள் சொற்பம். பணக்கணக்கில் தொடர் அசையவில்லை. அசைந்தது அதன் பெயர். 'திறமையான சின்னத் தொடர்' என்று கொண்டாடிய விமர்சகர்களே, ரசிகர்களை நடத்திய விதத்தைப் பெரிய பத்திரிகைகளில் கண்டித்து எழுதத் தொடங்கினார்கள்.

தயாரிப்புத் தரப்பின் பதில்

முதல் மூன்று வாரம் அநேகமாக மௌனம்தான். வந்த சில விளக்கங்கள் கதைக் காரணங்களைச் சொல்வதாகவே இருந்தன. காயம் இருந்த இடம் வேறு என்பதால் அவை எரிச்சலைக் கூட்டின.

மார்ச் 24 அன்று தொடரை நடத்தியவர் நீண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டார். நடிகையின் தேதிப் பிரச்சினை, மறுபிறவி பற்றிய கதைக்கரு, யாருக்கும் பாதுகாப்பில்லாத உலகம் என்று தன் காரணங்களைச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பழைய பழக்கத்தின் எடையை உணரத் தவறியதையும், ரசிகர்களின் எதிர்பார்ப்பை ஊக்கப்படுத்திவிட்டு இப்படிச் செய்ததையும் ஏற்றுக்கொண்டார். இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்தச் சாவு வேறு மாதிரி அமைந்திருக்கும் என்றார். அந்த எபிசோடை எழுதியவர் இன்னும் வெளிப்படையாக இருந்தார். அதே ஆண்டு ஜூனில் ஆஸ்டின் நகரில் நடந்த தொலைக்காட்சி விழாவில், இந்தப் பழக்கத்தைப் பற்றியே நடந்த கலந்துரையாடலில் உட்கார்ந்து, கதைக்கு வெளியே இதற்கு இருந்த பண்பாட்டு விளைவைக் கவனிக்கத் தவறியதைத் தோல்வி என்றே ஒப்புக்கொண்டார்.

கடிதத்தை ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஏற்றார்கள், இன்னொரு பகுதியினர் ஏற்கவில்லை. என் பார்வையில் கடிதம் நேர்மையானது, ஆனால் காலம் கடந்தது. முதல் வாரத்திலேயே 'உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது தவறு' என்ற ஒரே ஒரு வரி வந்திருந்தால், கதைக் காரணங்களைக் கேட்கப் பலர் தயாராக இருந்திருப்பார்கள்.

பிறகு நடந்தவை

அந்த வசந்த காலமே மோசமாக இருந்தது. மார்ச் 20 அன்று 'தி வாக்கிங் டெட்' தொடரில் டெனிஸ் என்ற தன்பாலீர்ப்புள்ள மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் அம்பு பாய்ந்து செத்தாள். மூலக் காமிக்ஸில் அந்தச் சாவு வேறொரு ஆணுடையது. மார்ச் 31-ல் 'தி ஹன்ட்ரட்' தொடரிலேயே லிங்கன் என்ற கறுப்பினப் பாத்திரம் மண்டியிட்ட நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டது. இனம் பற்றிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. மே, ஜூன் மாதங்களில் வேறு தொடர்களிலும் இதே வகைச் சாவுகள். ஊடகங்களில் எல்ஜிபிடி பாத்திரங்களைக் கணக்கெடுக்கும் கிளாட் அமைப்பு, 2016 தொடக்கத்திலிருந்து 25-க்கும் மேற்பட்ட இத்தகைய பெண் பாத்திரங்கள் செத்துவிட்டதாக அந்த ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. லெக்ஸாவின் ரசிகர்கள் மிகையாகப் பேசுகிறார்கள் என்ற வாதம் அதோடு ஓய்ந்தது.

அந்த வசந்தத்திலேயே, கனடாவின் ஒரு மருத்துவமனைத் தொடரைச் சேர்ந்தவர்களும் ரசிகர் இயக்கத்தினரும் சேர்ந்து 'லெக்ஸா உறுதிமொழி' என்ற ஒன்றை எழுதினார்கள். தன்பாலீர்ப்புள்ள பாத்திரங்களுக்கு அர்த்தமுள்ள கதை தருவது, அந்தச் சமூகத்தவரைக் கலந்தாலோசிப்பது, மற்றவர் கதையை நகர்த்துவதற்காக மட்டும் அவர்களைக் கொல்லாமல் இருப்பது, சமூக ஊடகத்தில் ரசிகர்களைத் தவறாக வழிநடத்தாமல் இருப்பது ஆகியவை அதில் இருந்தன. எழுத்தாளர்கள் சிலர் கையெழுத்திட்டார்கள். வேறு சிலர், நோக்கம் சரி, ஆனால் கதையில் இன்னது நடக்கக் கூடாது என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட முடியாது என்று விலகிக்கொண்டார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தவறாக வழிநடத்த மாட்டேன் என்ற வரி எந்தக் கதையையும் கட்டுப்படுத்துவதில்லை. அதில் கையெழுத்திட மறுக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2016 ஏப்ரலில் தொடங்கிய 'வைனோனா அர்ப்' தொடரில் நிக்கோல் என்ற பெண் காவலர் நாயகியின் தங்கையைக் காதலிக்கிறாள். முதல் சீசன் முடியும் தறுவாயில் நிக்கோல் மார்பில் சுடப்படுகிறாள். பார்ப்பவர்களுக்கு ஒரு கணம் மூச்சு நிற்கிறது. பிறகு சட்டையைத் திறந்தால் உள்ளே குண்டு துளைக்காத கவசம். காட்சியில் பயமும் இருந்தது, திருப்பமும் இருந்தது, காதலியை இழந்துவிட்டோம் என்ற வலியும் இருந்தது. இல்லாதது பிணம் மட்டும். சாவு இல்லாவிட்டால் நாடகம் இல்லை என்பவர்களுக்கு அந்தக் கவசத்தைத்தான் காட்ட வேண்டும்.

சரியாக ஓராண்டு கழித்து, 2017 மார்ச் தொடக்கத்தில், லாஸ் வேகஸில் 'க்ளெக்ஸாகான்' என்ற மாநாடு நடந்தது. கிளார்க், லெக்ஸா என்ற பெயர்களை ஒட்டி வைத்த பெயர். ரசிகர்களே முன்னின்று நடத்தியது. எழுத்தாளர்கள், நடிகைகள், படம் எடுக்க விரும்பும் இளம் பெண்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். தொடர்ந்த ஆண்டுகளிலும் கூடினார்கள்.

தொடரும் ஓடியது. 2020 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில் லெக்ஸாவின் உருவம் மறுபடி வந்தது, அதே நடிகை. ஆனால் அது லெக்ஸா அல்ல. அவள் வடிவத்தை எடுத்துக்கொண்டு கிளார்க்கோடு பேசும் வேறொரு சக்தி. மகிழ்ந்தவர்கள் உண்டு. புண்ணை மறுபடி கீறினார்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

என்ன மாற வேண்டும்

பாத்திரத்தைக் கொல்லக் கூடாது என்று நான் எழுத மாட்டேன். கொல்வது என்று தீர்மானித்த பிறகு எழுத்து மேசையில் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இதே மாதிரிச் சாவு இதற்கு முன் யாருக்கு நடந்தது? காதல் கூடிய காட்சிக்கும் இதற்கும் இடையில் எத்தனை நிமிடம்? இவள் போன பிறகு கதையில் இவளைப் போன்றவர் வேறு யார் மிச்சம்? டாராவின் காட்சியை அறிந்த ஒருவர் அந்த அறையில் இருந்து, அவர் பேச்சுக்கு மரியாதையும் இருந்திருந்தால், 'தவறிய தோட்டாவா, மறுபடியுமா?' என்று கேட்டிருப்பார். நடிகைக்குத் தேதி இல்லாதது சாவுக்குக் காரணமாகாது. லெக்ஸாவைத் தன் தலைநகரிலேயே விட்டுவிட்டுக் கிளார்க் கிளம்பிப்போகும் கதையைத்தான் அந்த எபிசோட் முதல் பாதி வரை சொல்லிக்கொண்டிருந்தது.

விளம்பரப் பக்கத்தில் மாற்றம் இன்னும் எளிது. ஒரு பாத்திரத்தின் சாவு படமாக்கப்பட்ட நாளிலிருந்து, அந்தப் பாத்திரத்தை வைத்து ரசிகர்களை அழைப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்டால் 'கதையைப் பற்றி இப்போது பேச முடியாது' என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை, ஸ்பாய்லருமில்லை. ரசிகர்கள் கூடும் இடத்துக்குப் போய் ஆறுதல் சொல்லும் உரிமை, உண்மையைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு.

ரசிகர்கள் பக்கத்தில், மார்ச் 3 இரவே உதவி எண்கள் கையில் இருந்திருக்க வேண்டும். தன்னார்வலர்களே, அவர்களும் அழுதுகொண்டிருந்த நேரத்தில், உடைந்துபோனவர்களைத் தாங்க வேண்டியிருந்தது. அலைவரிசை எபிசோடின் முடிவில் ஓர் உதவி எண்ணைப் போட்டிருந்தால் அந்தச் சுமையில் பாதி குறைந்திருக்கும். இளம் தன்பாலீர்ப்பாளர்கள் பெருமளவில் பார்க்கிறார்கள் என்பது அலைவரிசைக்குத் தெரியாத விஷயமல்ல. அவர்களைத்தானே அது மாதக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தது.